சைவநெறிக்கு ஒரே ஒரு பிள்ளை

என் முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் பாடசாலையில் ஆபத்தில் இருக்கிற ஒரே உயிர் நான்தான் என்று ஒரு தவணை முழுவதும் நம்பிக்கொண்டு திரிந்தேன்.

காரணம் இருந்தது. நான் சைவநெறி ஆசிரியர். என்னிடம் சைவநெறி படிக்கிற பிள்ளை ஒன்று.

அச்சுப்பிழை என்று நினைத்துப் பத்திரிகைக்காரர் யாரும் பக்கத்தில் ஒரு சைபர் போட்டுவிட வேண்டாம். ஒன்றுதான். பெயர் தனுசிகா. அப்போது தரம் ஒன்பது.

புதன்கிழமை இரண்டாம் பாடவேளை மணி அடித்தால் எங்கள் பாடசாலை சமயவாரியாகப் பிரியும். அவரவர் பிள்ளை அவரவர் சமயத்தைப் படிக்க வேண்டும் என்பது சட்டம். இஸ்லாம் படிக்கிற பிள்ளைகள் இருந்த இடத்திலேயே இருப்பார்கள், ஏனென்றால் தொகையில் அவர்கள்தான் கூட. கத்தோலிக்கப் பிள்ளைகள் பதினொரு பேர் பிலோமினா டீச்சருக்குப் பின்னால் கோழிக்குஞ்சுகள் மாதிரி நூலகத்துக்குப் போவார்கள். தனுசிகா தன் பையைத் தூக்கிக்கொண்டு, விறாந்தையின் கடைசித் தொங்கலில் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் கிடக்கிற என் மேசைக்கு வருவாள்.

அன்றைக்கு வந்தவள் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"சேர், அப்பா வவுனியாவுக்குப் போகப் போறாராம். எங்களையும் கூட்டிக்கொண்டு."

தாங்கியின் குழாய் ஒழுகிற இடத்தில் ஒரு கழுதை தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. எங்கள் ஊர்க் கழுதைகளுக்குப் படலை, மதில் என்ற பேதமெல்லாம் கிடையாது. அதுவும் நானும் ஒரே நேரத்தில் தலையை நிமிர்த்தினோம். முதலில் நிதானத்துக்கு வந்தது அதுதான்.

"எப்ப?"

"லீவு விட்டாப் பிறகு. மாமா அங்க வேலை எடுத்துத் தாறாராம். சேர், இண்டைக்கு என்ன பாடம்?"

அன்றைய பாடம் நிலையாமை. என்னால் நடத்த முடியவில்லை.

வடியில் மிஞ்சிய தூள்

எங்கள் பாடசாலை புத்தளம் நகரத்துக்குள், களப்புக் காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. தரம் ஆறிலிருந்து பதினொன்று வரை. புலமைப்பரிசில் பாஸ் பண்ணிய பிள்ளை, வேகமாக ஓடுகிற பிள்ளை, செல்வாக்குள்ள தகப்பன் வாய்த்த பிள்ளை எல்லாவற்றையும் பெரிய கல்லூரிகள் எடுத்துவிடும். அவர்கள் வடித்தெடுத்த பிறகு தேத்தண்ணி வடியில் மிஞ்சுகிற தூள் எங்களுக்கு. அந்தத் தூளிலும் சாயம் இருக்கிறது என்பதை நிரூபிப்பதுதான் எங்கள் தொழில்.

பிள்ளைகளில் பெரும்பாலானோர் முஸ்லிம் பிள்ளைகள். அதிலும் இரண்டு வகை. தலைமுறை தலைமுறையாக இந்த ஊர்க்காரர் ஒரு வகை. யுத்தகாலத்தில் மன்னார்ப் பக்கமிருந்து ஒரு பையோடு வந்து தங்கிவிட்டவர்களின் பேரப்பிள்ளைகள் மற்ற வகை. ஒருவர் பேச்சை ஒருவர் பழித்துச் சிரித்துக்கொண்டே ஒரே வாங்கில் உட்கார்ந்து ஒரே பணிஸைப் பிய்த்துத் தின்பார்கள். கத்தோலிக்கப் பிள்ளைகள் மீன்பிடிக் குடும்பங்கள். மீன் நன்றாகப் பட்ட மறுநாள் அவர்களின் புதுச் சப்பாத்துகளைப் பார்த்தாலே தெரியும்.

எங்கள் சைவப் பக்கத்திலும் ஒரு காலம் பாய் போதாமல் பிள்ளைகள் இருந்தார்கள். யுத்தம் வன்னியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் ஆட்களை அள்ளிக்கொண்டு வந்து இங்கே கொட்டியது. கொட்டப்பட்டவர்களில் நானும் ஒருவன். அம்மா ஒரு பானைக்குள் பித்தளை விளக்கையும் என் பரீட்சைச் சான்றிதழையும் வைத்து, ட்ரக்டரிலும் பஸ்ஸிலுமாகக் கொண்டு வந்தா. ஒரு மாதம் இருந்துவிட்டுத் திரும்பிப் போவதாகத்தான் ஏற்பாடு. அந்த மாதம் இன்னும் முடியவில்லை. இனி இந்தச் சட்டிபானையைத் தூக்குகிற வேலை எனக்கு வேண்டாம் என்று அப்போதே முடிவெடுத்துவிட்டேன்.

மற்றவர்கள் அப்படி முடிவெடுக்கவில்லை. சண்டை ஓய்ந்தது. ஒவ்வொரு குடும்பமாக லொறியில் சாமான் ஏற்றியது. போகுமுன் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து "போட்டு வாறம் சேர்" என்பார்கள். நான் பழத்தைத் தின்றுகொண்டே வகுப்பில் இரண்டு தலை குறைந்ததை நினைத்துக் கவலைப்படுவேன். இஸ்லாம் படிப்பிக்கிற ஜெமீல் மௌலவி என் உயிர்ச் சிநேகிதர். யாராவது புதிதாக வந்தால் என்னை இப்படித்தான் அறிமுகப்படுத்துவார்: "இவர்தான் வரதன் சேர். சமாதானத்தால நட்டப்பட்ட ஒரே மனுசன்."

கடைசியில் தனுசிகா மட்டும் மிஞ்சினாள்.

ஒற்றைப் பிள்ளை வகுப்பின் சுகம் அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். தவணைப் பரீட்சையில் அவள்தான் முதலாம் பிள்ளை, கடைசிப் பிள்ளையும் அவளே. அவளுக்குக் காய்ச்சல் வந்தால் எங்கள் பாடசாலையின் சைவ சமுதாயம் முழுவதும் ஆஸ்பத்திரியில். வாணி விழா மட்டும் அமர்க்களமாக நடக்கும். மௌலவி ஒலிபெருக்கிக்கு ஏற்பாடு செய்வார். அவருடைய பொடியன்கள் தோரணம் கட்டுவார்கள். பிலோமினா டீச்சரின் பதினொரு பேரும் அவலையும் கடலையையும் பார்த்துக்கொள்வார்கள். ஒருமுறை தனுசிகா வெறுந்தட்டோடு என்னிடம் வந்தாள்.

"சேர், என்ர விழாவில எனக்கே கடலை இல்லை."

ஒரு ஆள் கூட

தனுசிகா வவுனியாக் கதையைச் சொன்ன அதே கிழமை, அதிபர் ரிஸானா மெடம் ஆசிரியர்களைக் கூப்பிட்டா.

"வலயக் கல்வி அலுவலகத்துல இருந்து வாராங்களாம். நம்மட ஸ்கூல்ல புள்ள கொறஞ்சி போச்சாம். சமயப் பாடத்துக்கு ஒரு ஆள் கூடவாம். எடுத்து வேற எடத்துக்குப் போடப் போறாங்க."

சமயத்துக்கு நாங்கள் நாலு பேர். இஸ்லாத்துக்கு ஜெமீல் மௌலவியும் ஆயிஷா டீச்சரும். கத்தோலிக்கத்துக்கு பிலோமினா டீச்சர். சைவத்துக்கு நான். எல்லோருடைய கண்ணும் மெதுவாக என்னில் வந்து நின்றது. பிலோமினா டீச்சர் தன் பதினொரு பேரை நினைத்துச் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டா.

நான் வரலாறும் எடுக்கிறேன், விளையாட்டுப் போட்டியில் விசிலும் ஊதுகிறேன். ஆனால் என் நியமனம் சைவநெறிக்கு. பிள்ளை இல்லாவிட்டால் நான் மேலதிகம். மேலதிக ஆசிரியரை எங்கே அனுப்புவார்கள் என்பதை என் மூளை உடனே கண்டுபிடித்தது. கற்பிட்டிக்கும் அப்பால், களப்புக்குள் ஒரு தீவு. படகில் போக வேண்டும். எனக்கு நிற்கிற படகைப் பார்த்தாலே ஓங்காளம் வரும். அங்கே ஒரு கொட்டிலில், கருவாடு காய்கிற மணத்தில், அம்மாவின் அதே பானையில் நான் சோறு காய்ச்சுகிற காட்சி சினிமா மாதிரி ஓடியது. அதிபர் தீவு என்று ஒரு சொல்கூடச் சொல்லவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும்.

விசர் பிடித்த கிழமைகள்

இருக்கிற ஒரு பிள்ளை போனால், இன்னொரு பிள்ளையைப் பிடிக்க வேண்டும். என் சிந்தனை அவ்வளவு தெளிவாக இருந்தது.

முதலில் வீட்டிலேயே தொடங்கினேன். என் மனைவி சாந்தி பாடசாலைச் சட்டைகள் தைக்கிறவள். மெஷினில் இருந்தாள்.

"சாந்தி, நாங்கள் இன்னொரு பிள்ளை பெத்தால் என்ன?"

மெஷின் நிற்கவில்லை. "உங்களுக்கு விசரோ? அது தரம் ஆறுக்கு வரேக்க நீங்கள் பென்சன் எடுத்துக்கொண்டு கதிரையில இருப்பியள்."

கணக்கு சரியாகத்தான் இருந்தது.

பக்கத்து ஒழுங்கையில் மட்டக்களப்பைச் சேர்ந்த வங்கி உத்தியோகத்தர் ஒருவர் புதிதாகக் குடிவந்திருந்தார். நெற்றியில் திருநீறு. எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. இந்த முறை வாழைப்பழச் சீப்பை நான் கொண்டு போனேன்.

"பிள்ளைகள் இருக்கோ?"

"ஓம் சேர், ஒரு மகன்."

"எந்தத் தரம்?"

அவர் கதிரைக்குக் கீழே காட்டினார். மகன் தவழ்ந்து வந்து என் செருப்பின் வாரைச் சப்பிக்கொண்டிருந்தான். நான் அப்படியும் விடவில்லை. பிறந்த மாதத்தைக் கேட்டு வைத்துக்கொண்டேன்.

அதன்பிறகு தனுசிகாவை எப்படியாவது சந்தோஷமாக வைத்திருப்பது என்று தீர்மானித்தேன். வாங்கை எடுத்துவிட்டு, காரியாலயத்திலிருந்து மெத்தை வைத்த கதிரை கொண்டுவந்து போட்டேன். அவள் உட்காராமல் அதைச் சுற்றிப் பார்த்தாள்.

"சேர், நீங்கள் தந்த வீட்டுவேலை நான் செய்யேல்லை."

"பரவாயில்லை பிள்ளை."

"நாளைக்கும் செய்ய மாட்டன்."

"உமக்கு வசதிப்படேக்க செய்யும்."

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"சேர், உங்களுக்கு ஏதும் வருத்தமோ? டொக்டர் ஏதும் சொன்னவரோ?"

தேத்தண்ணியும் உப்பு

அடுத்ததாகத் தகப்பனைப் பிடிக்கப் போனேன். யோகன் உப்பு லொறி ஓட்டுகிறவர். உப்பளப் பக்கம் சிறிய வீடு. முற்றத்தில் ஏற்கெனவே இரண்டு பெட்டிகள் கயிறு கட்டிக் கிடந்தன.

"யோகன், வவுனியாவில சரியான வெக்கை. தண்ணியும் அவ்வளவு நல்லதில்லை எண்டு கதை."

"இஞ்ச மட்டும் என்ன சேர்? உந்தத் தேத்தண்ணியைக் குடிச்சுப் பாருங்கோ, உப்புக் கரிக்கும்."

குடித்தேன். கரித்தது.

"பிள்ளையின்ர படிப்புக் குழம்பிப் போகும். இஞ்ச அவளுக்குத் தனிக் கவனிப்பு."

"அது தெரியும் சேர். கதிரை போட்டுக் குடுத்திருக்கிறியளாம்." ஒரு மாதிரிச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "மழை தொடங்கினா உப்பு இல்லை, லொறி சும்மா நிக்கும். பெண்சாதியின்ர தமையன் அங்க வா எண்டு நிக்கிறார். ஒரு நிரந்தர ஓட்டம் கிடைச்சா நான் ஏன் சேர் வெளிக்கிடுறன்? சட்டிபானை தூக்கித் தூக்கித்தான் என்ர நாரியே போனது."

என் இடுப்பும் அதே வேலையில்தான் போனது. உப்புத் தேத்தண்ணியை முடித்துவிட்டு எழும்பி வந்தேன்.

மறுநாள் கன்டீனில் ஜெமீல் மௌலவி என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"என்னா சேர், மையத்து வீட்டுக்கு வந்த மாதிரி இரிக்கிறீங்க?"

யோகன் சொன்னதை அப்படியே ஒப்புவித்தேன். தீவையும் படகையும் ஓங்காளத்தையும் சேர்த்துத்தான்.

"உங்களுக்குச் சிரிப்பு, மௌலவி. உங்களிட்ட ஒரு லொறி பிள்ளையள். உங்களை ஆர் அசைக்கிறது?"

"அல்ஹம்துலில்லாஹ், அது உண்மதான்." ஒரு வடையைப் பிய்த்துப் பாதியை எனக்குத் தள்ளினார். "அந்த மனுசனுக்கு லொறி ஓட்டம்தானே வேணும்? மதுரங்குளில என்ட பொஞ்சாதிட தம்பி இரிக்கான், நல்ல மனுசன். தேங்காய், கருவாடு எல்லாம் தம்புள்ளைக்கு அனுப்புறவன். ட்ரைவர் இல்லாம கெடந்து சாகுறான். கூட்டிட்டுப் போவமா?"

"மெய்யாவோ?"

"ஒரு புள்ளய வெச்சி ஒரு சமயத்தக் காப்பாத்தப் போறன். எனக்கு எத்தன நன்ம கெடைக்கும் எண்டு யோசிச்சிப் பாருங்க."

சனிக்கிழமை மூவருமாக மதுரங்குளிக்குப் போனோம். மௌலவியின் மச்சினன் யோகனை லொறியில் ஏற்றி, சந்தியைச் சுற்றி ஒரு ஓட்டம் ஓடிவிட்டு வந்து, "திங்கள்கெழம வாங்க" என்றார். திரும்பும்போது நான் மௌலவியின் கையைப் பிடித்து அழுதேன். அவர் கையை உதறிவிட்டு, "இதெல்லாம் பஸ்ஸுல செய்யாதீங்க சேர், ஆக்கள் பாக்குறாங்க" என்றார்.

முற்றத்துப் பெட்டிகளின் கயிறு அவிழ்க்கப்பட்டது. மெத்தைக் கதிரை காரியாலயத்துக்குத் திரும்பிப் போனது. வீட்டுவேலையும் திரும்ப வந்தது. தனுசிகாவுக்கு இப்போதுதான் நிம்மதி: "சேருக்குச் சுகமாயிட்டுது போல."

எல்லாரும் வந்திருக்கிறம்

வலயத்திலிருந்து அதிகாரி வந்தார். மெலிந்த, மரியாதையான மனிதர். நான் மூன்று நாள் முன்பே அயர்ன் பண்ணி வைத்த சேர்ட்டோடு, தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் விறைத்துப் போய் நின்றேன். அன்றைக்கென்று கழுதையும் வந்திருந்தது.

"இது என்ன வகுப்பு?"

"சைவநெறி, சேர்."

அவர் மேசையைப் பார்த்தார், வாங்கைப் பார்த்தார், கழுதையைப் பார்த்தார்.

"பிள்ளைகள் எங்கே?"

தனுசிகா எழுந்து நின்றாள். "எல்லாரும் வந்திருக்கிறம் சேர்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப எல்லாருமாச் சேர்ந்து ஒரு தேவாரம் பாடுங்க பார்ப்பம்."

அவள் கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினாள். இரண்டாம் அடியில் ஏதோ வித்தியாசமாகக் கேட்டது. அரைச் சுவருக்கு அந்தப் பக்கம் மௌலவியின் வகுப்பு. இத்தனை வருடம் சுவருக்கு மேலால் கேட்டுக் கேட்டு அந்தப் பொடியன்களுக்குப் பாடமாகியிருந்தது. ஒருவன் முணுமுணுக்க, மற்றவன் தொடர, கடைசி அடியில் பாதி வகுப்பு சேர்ந்துவிட்டது. சந்தோஷத்தில் மேசையிலும் தாளம் போட்டார்கள். மௌலவி சுவருக்கு மேலால் தலையை நீட்டி, "டேய், ஒங்கட பாடத்தப் பாருங்கடா!" என்று அதட்டினார். அதட்டலில் பெருமைதான் தெரிந்தது.

அதிகாரி என்னிடம், "உங்களுக்குப் பிள்ளைகள் குறைவு எண்டு யார் சொன்னது?" என்று கேட்டுவிட்டுப் போனார். தீவு என் கண்ணிலிருந்து மெல்ல மெல்ல மூழ்கி மறைந்தது.

தவணை முடிகிற கிழமை வலயத்திலிருந்து அதிபருக்குத் தொலைபேசி வந்தது. சமய ஆசிரியர் நாலு பேரையும் கூப்பிட்டா. நான் கடைசி நேரத்தில் திரும்பவும் பயந்துபோய், பிரியாவிடையில் பேசுவதற்கு இரண்டு வசனம் மனதுக்குள் தயார் பண்ணிக்கொண்டு போனேன்.

ரிஸானா மெடம் என்னைப் பார்க்கவேயில்லை.

"மௌலவி, ஒங்களத்தான் எடுக்கிறாங்க."

மௌலவி பின்னால் திரும்பிப் பார்த்தார், வேறு மௌலவி யாரும் நிற்கிறாரா என்று.

"ஒவ்வொரு சமயத்துக்கும் ஒரு ஆள் வேணுமாம். ஒரு புள்ள எண்டாலும் ஒரு ஆள், நூறு புள்ள எண்டாலும் ஒரு ஆள். முந்தி ஒவ்வொரு தரத்துலயும் மூணு வகுப்பு இரிந்தது, அதால இஸ்லாத்துக்கு ரெண்டு பேர் போட்டாங்க. இப்ப ஒவ்வொண்டுலயும் ஒரு வகுப்புதானே. ஆயிஷா டீச்சர் ஒங்களுக்கு முந்தி வந்தவ, பிந்தி வந்த ஆளத்தான் எடுப்பாங்களாம்."

தரத்துக்கு மூன்று வகுப்பு ஒன்றாகச் சுருங்கியதை நாங்கள் எல்லோரும் வருடா வருடம் கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். நான் என் ஒன்றையே எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் தன் நூறையே எண்ணிக்கொண்டிருந்தார்.

மௌலவி தாடியைத் தடவினார். "மெடம், அந்தப் புள்ள வவுனியாவுக்குப் போயிரிந்தா?"

"அப்ப வரதன் சேரத்தான் எடுத்திரிப்பாங்க. அவங்க கேட்டது ஒரு ஆள்தானே."

மௌலவி என் பக்கம் திரும்பினார். எனக்கு நிலத்தைத் தவிர வேறெங்கும் பார்க்க முடியவில்லை.

"என்ட மச்சினன் நல்ல மனுசன் எண்டு நான் சொல்லல்லியா, சேர்?" என்றார். பிறகு அவர்தான் முதலில் சிரித்தார். பிலோமினா டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டா.

அவரை அனுப்பியது தீவுக்கு அல்ல. கற்பிட்டி வீதியில், குறிஞ்சிப்பிட்டிக்கு அப்பால் ஒரு பாடசாலை. அடுத்த தவணை தொடங்கிய திங்கட்கிழமை விடிய ஜெமீல் மௌலவி பஸ் ஏறிப் போனார். தனுசிகாவும் நானும் இங்கேயே இருக்கிறோம்.